ஊரில வாழ்ந்த அம்மம்மாக்கு கொழும்பில இருந்து கல்வெட்டு எழுதுறது எப்பிடி

ஒராள் செத்து 31ஆம் நாள் செய்யிற அந்தியேட்டிக்கு குடுக்கிற புத்தகத்த கல்வெட்டு எண்டும் சொல்லுவினம், நினைவு மலர் எண்டும் சொல்லுவினம், என்னெண்டு சொன்னாலும் கையில இருக்கிறது 31 நாள்தான், அதில பிரஸ்ஸுக்கு ஒரு கிழமை போயிடும், முதல் கிழமை ஒருத்தரும் பேனை தூக்கப்போறேல்ல. யாழ்ப்பாணத்து வடமராட்சியில ஒரே வளவுக்க எண்பத்தொன்பது வருஷம் வாழ்ந்த மனிசியப் பற்றி நான் வெள்ளவத்தை ஃபிளாட்டில இருந்து எழுதத் தொடங்கேக்கதான் விளங்கினது, எனக்கு அவவில தெரிஞ்சது பள்ளிக்கூட லீவில போய் நிண்ட நாட்களும் ஒடியல் கூழும் மட்டும்தான் எண்டு. அதால நான் பட்ட பாட்டில இருந்து சொல்லுறன்.

"அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம்" எண்டு தொடங்காதேங்கோ. வீட்டில கிடக்கிற பழைய கல்வெட்டில பத்தை எடுத்துப் பாருங்கோ, பேரை மாத்தினா ஆருக்கும் பொருந்தும். அவ செய்ததை எழுதுங்கோ, அது காணும்.

பிறந்த திகதி தெரியேல்லயெண்டா பழைய அடையாள அட்டைய எடுங்கோ. முதல் 2 இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த 3 இலக்கம் அந்த வருஷத்தில எத்தினையாம் நாள் எண்டது, பொம்பிளையளுக்கு அதோட 500 கூட்டியிருக்கும். 35562 எண்டு தொடங்கினா 1935, 562இல 500 கழிச்சா 62ஆவது நாள். இதில ஒரு சுத்துமாத்து இருக்கு, எந்த வருஷமெண்டாலும் பெப்ரவரிக்கு 29 நாள் எண்டுதான் கணக்கு, அப்ப 62 எண்டா மார்ச் 2. நாங்கள் இதைப் பாக்காம மாமா சொன்ன 1937ஐ புத்தகத்தின்ர அட்டையிலயே போட்டு அடிச்சுப்போட்டம், பிறகு ஒவ்வொண்டா ஸ்டிக்கர் ஒட்டினது தனிக் கதை.

மற்ற வருஷங்கள ஆக்களிட்ட நேர கேட்டா வராது. "64 சூறாவளிக்கு முன்னமோ பின்னமோ?", "87இல ஆமியின்ர ஒப்பரேஷன் லிபரேஷன் நடக்கேக்க இந்த வீடு கட்டியாச்சோ?", "சுனாமிக்குப் பிறகு கரைப் பக்கம் போனவவோ?" எண்டு கேளுங்கோ, டக்கெண்டு வரும்.

ஆரிட்ட கேக்கிறது எண்டதுதான் முக்கியமான விஷயம். பிள்ளையளிட்ட கேட்டா நல்ல அம்மா எண்டுதான் சொல்லுவினம், பாவம் அவைக்கு வேற என்ன வரும். செத்து ஒரு கிழமையளவில செய்யிற எட்டுச்செலவுக்கு வாற ஊர்ப் பொம்பிளையளப் பிடியுங்கோ, குசினிக்க தேங்காய் துருவிக்கொண்டு கதைக்கேக்க ஃபோனில ரெக்கோட் பண்ணலாமோ எண்டு கேட்டுட்டு பக்கத்தில வையுங்கோ. "அவ எப்பிடிப்பட்டவ" எண்டு கேக்காதேங்கோ, "அவவோட என்னத்துக்கு சண்டை பிடிச்சனீங்கள்" எண்டு கேளுங்கோ. அப்பிடிக் கேட்டுத்தான் எனக்கு கிடாரக் கதை வந்தது. 1995 ஒக்டோபர் முடிவில வலிகாமச் சனம் முழுக்க சண்டையால இடம்பெயர்ந்து வரேக்க பள்ளிக்கூடத்தில வந்து இருந்தவைக்கு கஞ்சி காய்ச்ச ஏனம் இல்லையாம், கோயில் கிடாரத்த தரமாட்டம் எண்டு நிர்வாகத்தில ஒருத்தர் நிக்க, அம்மம்மா திறப்புக்கு காத்திராம மடப்பள்ளிப் பூட்ட அலவாங்கால நெம்பி எடுத்துக்கொண்டு வந்தவவாம். அவ எங்களுக்கு ஒருநாளும் இதைச் சொன்னதில்ல.

சங்கக் கொப்பியளையும் பாருங்கோ, மாதர் சங்கம், சனசமூக நிலையம், மரண சகாயச் சங்கம் எல்லாம். ஆனா கூட்ட அறிக்கையில தலைவர் செயலாளர் பேர்தான் இருக்கும், ஓடித் திரிஞ்ச பொம்பிளையின்ர பேர் இராது. எங்கட அம்மம்மா மரண சகாயக் காசு சேத்த கொப்பியில சில வீட்டுக்கு நேர சின்னதா ஒரு புள்ளி குத்தியிருந்தா, என்னெண்டே விளங்கேல்ல. பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னா, கட்ட ஏலாத வீடுகளுக்கு அம்மம்மாவே கட்டினதுக்கு அடையாளமாம். இதை எழுதலாம், எந்தெந்த வீடு எண்டு மட்டும் எழுதாதேங்கோ. உதவி வாங்கினவை அந்தியேட்டிப் பந்தியில பக்கத்தில இருந்துதான் புத்தகத்த விரிப்பினம்.

செத்த திதியச் சொல்லுற பாட்டான திதி வெண்பாக்கு ஊரில ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடிச்சா எழுதித் தருவார், அவருக்கு உயிர் பிரிஞ்ச நேரத்த சரியாச் சொல்லோணும். ஒரே நாளில திதி மாறும், வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் கொஞ்சம் வித்தியாசமும் வரும், வருஷாவருஷம் திவசம் இந்தத் திதியிலதான் எண்டபடியா ஐயரிட்டயும் ஒருக்கா கேளுங்கோ. தேவாரம், சிவபுராணம் எல்லாம் பிரஸ்ஸில இருக்கும், அதில நேரம் மினக்கெடாதேங்கோ.

கண்ணாடியோட ஒட்டின பழைய படத்த உரிக்கவேண்டாம், யன்னல் பக்கம் கொஞ்சம் சரிச்சு வைச்சு அப்பிடியே ஃபோட்டோ எடுங்கோ. பிரஸ்ஸில பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில செய்யினமெண்டா உங்கட யூனிகோட் மாத்தேக்க எழுத்து இடம் மாறலாம், அதால புரூஃபை ஃபோனில பாக்காம பேப்பரில எடுத்து, அம்மம்மாவத் தெரியாத ஒராளிட்டயும் வாசிக்கக் குடுங்கோ. நடுவில பின் அடிக்கிற புத்தகமெண்டா பக்கம் 4ஆல பிரிபடவேணும், மிச்சம் வந்தா வம்சாவளிய கொஞ்சம் பெரிசாப் போடலாம்.

பிடிஎஃப்ப மறக்காம வாங்கி நூலகம் இணையத்தளத்துக்கு அனுப்புங்கோ, 2005இல தொடங்கின எண்ணிம நூலகம், இப்பிடியான நினைவு மலருகளும் அங்க கனக்க இருக்கு. ஊர் வாசிகசாலைக்கு ரெண்டு. மிச்சத்த வெள்ளவத்தையில யாழ்ப்பாண பஸ்ஸில இரவு ஏத்திவிட்டா விடிய அங்க நிக்கும், 30ஆம் நாள் வரைக்கும் இழுக்காம 28இலயே ஏத்துங்கோ, கொண்டக்டரின்ர ஃபோன் நம்பரையும் கேட்டு வாங்குங்கோ.