குரங்கு மறைந்தால் பூஜ்ஜியம் போடாதீர்கள்

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அத்தை வீட்டு மாமரத்துக்குக் காலை டீ நேரத்தில் வெர்வெட் குரங்குகள் வந்துவிடும். ஒரு குரங்கைப் பத்து நிமிடம் கவனித்து, எத்தனை முறை இன்னொன்றுக்குப் பேன் பார்த்தது என்று குறிப்பது என் வேலை. அந்தத் தரவை மற்றவர்களும் பயன்படுத்தும்படி பொதுவில் வெளியிடவும் வேண்டும். நான்காவது நிமிடத்தில் அது பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னால் போய்விட்டால்? நான் 0 என்று எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய தப்பு. 0 என்றால் பேன் பார்க்கவில்லை. கண்ணில் படாததற்கு வேறு குறி வேண்டும். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று ரீட்மி ஃபைலில், அதாவது தரவோடு வைக்கும் விளக்கக் குறிப்பில், எழுதாமல் தரவை வெளியிட்டால், எடுத்துப் பார்ப்பவர் அந்தக் குரங்கைச் சோம்பேறி என்றே முடிவு கட்டுவார்.

அடுத்தது காற்புள்ளி. தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள விண்டோஸில் தசமத்துக்குப் புள்ளி வராது, 4.5 நிமிடம் 4,5 ஆகிவிடும். எக்செலில் சிஎஸ்வியாக, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சாதாரண எழுத்துக் கோப்பாக, சேமித்தால் பத்திகளுக்கு நடுவே காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி விழும். சென்னையில் இருக்கும் தோழி அதைத் திறந்தபோது பத்திகள் எல்லாம் குழம்பிக் கிடந்தன. தேதியும் அப்படித்தான். 03/04 ஏப்ரலா மார்ச்சா? 2024-04-03 என்று எழுதினால் சண்டையே இல்லை.

கூட்டிச் சுருக்கிய அட்டவணையை மட்டும் கொடுப்பதும் தவறு. 2020-இல் கூட்டமாக வாழும் சமூகச் சிலந்திகள் பற்றிய சில கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வருவதை மற்றவர்களால் கண்டுபிடிக்க முடிந்ததே மூலத்தரவு பொதுவில் இருந்ததால்தான்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. இங்கே குரங்கு மேல் பெல்லட் துப்பாக்கியால் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை இரவில் தூங்கும் மரத்தின் ஜிபிஎஸ் புள்ளி எதற்கு? காண்டாமிருகம் என்றால் கேட்கவே வேண்டாம். குரங்குகளுக்கு வாழைப்பழம் வைக்கும் வீட்டின் முகவரியும் வேண்டாம். போப்பியா என்னும் தனிநபர் தகவல் சட்டம் இருக்கிறது.

கோப்புகளையும் நிரல்களையும் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டால் போதும் என்பார்கள். நாளைக்கே அந்தப் பக்கத்தை நீங்கள் அழித்துவிடலாமே! செர்ன் என்னும் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடம் நடத்தும் ஸெனோடோ தரவுக் காப்பகத்தில் ஒரு பிரதி வையுங்கள். உங்கள் தரவை எப்போதும் அடையாளம் காட்டும் நிலையான டிஓஐ எண் கிடைக்கும். யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமமும் போடுங்கள், இல்லாவிட்டால் எடுத்துப் பயன்படுத்தவே தயங்குவார்கள்.

அப்புறம் கோடு, அதாவது தரவை அலசும் கணினி நிரல். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று எழுதியிருந்தேன், பெருமையாகத்தான் இருந்தது. தோழியின் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது: என் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அவள் சி டிரைவில் தேடிக்கொண்டிருந்தது.