பேர்ள் மொட்யூலை வெளியிடுமுன் பொதியாக்கக் கருவிகளைப் புதுப்பித்தல்

பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றும் பேர்ள் நிரல்மொழி மொட்யூல் (பிற நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுதி) ஒன்றைக் கொழும்பில் இருந்தபடி எழுதி, பேர்ள் மொட்யூல்கள் பகிரப்படும், 1995 முதல் இயங்கிவரும் சீபேன் (CPAN) களஞ்சியத்தில் சேர்க்க விரும்புகிறவர், நிரலில் காட்டும் அக்கறையை அதைப் பொதியாக்கும் கருவிகளிலும் காட்ட வேண்டும். பயனரிடம் எவ்வளவு புதிய பேர்ள் இருந்தாலும், பொதிக்குள் உள்ள, அதன் பதிப்பையும் தேவைகளையும் சொல்லும் மெட்டா கோப்பை எழுதியது ஆசிரியரின் கணினியில் இருந்த மேக்மேக்கர் என்ற பொதியாக்கக் கருவிதான். அது பழையதானால், அதன் குறைகள் பொதியோடு சேர்ந்தே பயணிக்கும்.

மொட்யூல்::இன்ஸ்டால் என்ற மற்றொரு பொதியாக்கக் கருவி இதற்குத் தெளிவான சான்று. அது தன் பிரதியையே பொதிக்குள் ஒரு கோப்புறையில் வைத்துவிடும். 2017இல் வந்த பேர்ள் 5.26, மொட்யூல்களைத் தேடும் பாதையிலிருந்து நடப்புக் கோப்புறையை நீக்கியதும், அத்தகைய பொதிகளைக் கையால் நிறுவ முயன்றவர்களுக்கு முதல் படியிலேயே பிழை வந்தது. ஆதலால் புதிதாகத் தொடங்குகிறவர் மேக்மேக்கரையே தெரிவு செய்வது நல்லது என்பது என் கருத்து. இன்னொரு பொதியாக்கக் கருவியான மொட்யூல்::பில்ட் 2015இல், 5.22 பதிப்போடு, பேர்ளின் மூலத் தொகுப்பிலிருந்து நீங்கிவிட்டதால், அதைப் பயன்படுத்துகிறவர் அதனை அமைவுத் தேவையாக (நிறுவலின் முதல் படிக்கே வேண்டிய மொட்யூலாக) அறிவித்தே ஆக வேண்டும்.

உபுண்டு கணினியோடு வந்த பேர்ளில் கைவைக்க வேண்டாம். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பியிருக்கின்றன. தனித்தனிப் பேர்ள் பதிப்புகளை நிறுவ உதவும் பேர்ள்ப்ரூ மூலம் உங்கள் முகப்புக் கோப்புறையில் தனிப் பேர்ள் ஒன்றை நிறுவி, மொட்யூல்களை நிறுவும் சீபேன்எம் கட்டளையால் எக்ஸ்ட்யூட்டில்ஸ்::மேக்மேக்கர் (மேக்மேக்கரின் முழுப்பெயர்), மெட்டா கோப்புகளைக் கையாளும் சீபேன்::மெட்டா ஆகியவற்றை அதில் புதுப்பியுங்கள். அமைவுத் தேவைகளை அறிவிக்கும் வசதி மேக்மேக்கர் 6.52இலும், சோதனைத் தேவைகளை அறிவிக்கும் வசதி 6.64இலும் வந்தன. அதற்கு முந்தைய பதிப்பில் அவற்றை எழுதினால், அறியாத அளவுரு என்ற எச்சரிக்கை மட்டும் வரும். மெட்டா கோப்பில் அவை இடம்பெறா.

புதுப்பித்த பின்னும் பலர் தவறவிடும் படி ஒன்று உண்டு: பழைய கருவி உருவாக்கிய மேக்கோப்பு (மேக் கட்டளை படிக்கும் குறிப்புக் கோப்பு) அங்கேயே கிடக்கும். மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்து அதை அகற்றி, மேக்கோப்பை உருவாக்கும் மேக்ஃபைல்.பிஎல் நிரலை மீண்டும் ஓட்டுங்கள். பின்னர் மேக் டிஸ்ட்செக், மேக் டிஸ்ட்டெஸ்ட், மேக் டிஸ்ட் என்ற வரிசையில் செல்லுங்கள். இவற்றுள் இரண்டாவது, பொதியில் சேரும் கோப்புகளை மட்டும் தனியே எடுத்து வைத்துச் சோதிப்பதால், மனிஃபெஸ்ட் பட்டியலில் சேர்க்க மறந்த கோப்பு அங்கே அகப்பட்டுவிடும். உருவான பொதியைப் பிரித்து, மெட்டா.ஜேசன் கோப்பில் தன்னை உருவாக்கிய கருவியின் பெயரும் பதிப்பெண்ணும் உள்ள வரியைப் பாருங்கள். பழைய எண் தென்பட்டால் வேறொரு பேர்ள் இடையில் புகுந்திருக்கிறது.

நீங்கள் புதிய கருவியைப் பயன்படுத்துவதற்காகப் பயனரிடமும் அதே பதிப்பைக் கட்டாயமாக்காதீர்கள். உங்கள் நிரல் உண்மையில் வேண்டும் மிகக் குறைந்த பேர்ள் பதிப்பை மட்டும் குறிப்பிடுங்கள்.

சீபேனுக்கான பொதிகளைப் பெறும் பாஸ் (PAUSE) சேவையகத்தில் ஏற்றிய பின், பொதிகளைப் பல கணினிகளில் சோதிக்கும் சீபேன் டெஸ்டர்ஸ் குழுவின் அறிக்கைகளைக் கவனியுங்கள். பிழையைத் திருத்தி மறுபடி ஏற்றும்போது பதிப்பெண்ணை உயர்த்துங்கள். ஒரு முறை ஏற்றிய கோப்பின் பெயரில் வேறொன்றை ஏற்றப் பாஸ் இடந்தராது.