லேப்டாப் ஒப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நான் பட்டவையும் இன்றும் பார்ப்பவையும்

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு அட்டவணையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இடப்பக்கம் ஒரு பழைய லேப்டாப், வலப்பக்கம் ஒரு புதியது. பிராசசர், ரேம், கிராபிக்ஸ் என்று வரிசையாகப் பெயர்கள். "அண்ணா, இது ஐ7, அது ஐ5. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். எனக்குப் பகீரென்றது. இதே அட்டவணையை 2017-இல் நானும் என் கையால் போட்டிருக்கிறேன். அதே வரியில்தான் நானும் விழுந்தேன்.

மெத்தை மேல் வைத்து ஓட்டாதே, காற்று போகும் வழியை அடைக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். ஓரளவு விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்கிறேன்.

பெயரை வைத்து எடை போடுவது

அப்போது என்னிடம் இருந்தது தடித்த, கனத்த லேப்டாப். உள்ளே 2013-இல் வந்த ஐ7-4700எம்க்யூ. வீடியோ எடிட்டிங் முழுக்க அதில்தான். ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக வெளியே எடுத்தால், விசிறிச் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். சுமந்து சுமந்து தோள்வலியும் வந்திருந்தது. மூன்று தலைமுறை தள்ளி ஐ7-7500யூ வந்தது. மெல்லிய உடம்பு, கையில் எடுத்தால் கனமே தெரியாது. அதுவும் ஐ7, இதுவும் ஐ7, இது புதியது, அப்படியானால் இதுதான் வேகம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு வருடச் சேமிப்பைக் கொட்டி வாங்கிவிட்டு, பழையதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. மூடியைத் திறந்ததும் விழித்துக்கொள்கிறது, பிரவுசர் சட்டென்று வருகிறது, சத்தமே இல்லை. மூன்றாம் நாள் ரெண்டர் போட்டேன். பழையதில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, ஒன்றரை மணி நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஒரு வாரம் முழுக்க அதிலேயே போனது. அதற்குப் பிறகுதான் சிப்பின் விவரப் பக்கத்தைத் திறந்தேன். அதில் எதையும் மறைத்திருக்கவில்லை. கோர் என்பது சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை. பழையதில் 4 கோர், 8 த்ரெட், 47 வாட். புதியதில் 2 கோர், 4 த்ரெட், 15 வாட். வாங்குவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் செலவழித்து அதைப் படிக்காதது நான்தான்.

ஒரு கோரை மட்டும் எடுத்துக்கொண்டால் புதியது கொஞ்சம் வேகமானதே. பிரவுசர் சட்டென்று வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கடையில் ஐந்து நிமிடம் தட்டிப் பார்க்கிறவருக்கு இந்த வேகம் மட்டுமே கண்ணில் படும். எல்லாக் கோர்களையும் மணிக்கணக்கில் பிழியும் வேலை வந்தால்தான் குட்டு உடையும்.

பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். என்னை இன்னமும் உறுத்துவது, பெயரின் கடைசி எழுத்தே எல்லாவற்றையும் சொல்லியிருந்தது என்பதுதான். அந்தக் காலத்துப் பெயர்களில் யூ என்றால் மெல்லிய உடம்புக்கான 15 வாட் சிப். எச், எச்க்யூ, எம்க்யூ என்றால் 45, 47 வாட் வட்டாரம். ஐ7, ஐ5 என்பது ஒரே குடும்பத்துக்குள் மூத்தது இளையது என்று சொல்லும் முறை. வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சிப்களை அந்த எண்ணால் அளக்க முடியாது. நான் வாங்கிய அதே 2017 முடிவதற்குள் ஐ5-8250யூ வந்தது. அதே 15 வாட்டில் 4 கோர், 8 த்ரெட். பெயரில் ஐ5, ரெண்டரில் என் ஐ7-ஐ வெகு எளிதாகத் தாண்டியது.

சரி, வாட்டை எதற்கு இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? சிப் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்த வெப்பத்தை ஹீட் பைப் வாங்கி, தகடுகளுக்குக் கொடுத்து, விசிறி வெளியே தள்ளியாக வேண்டும். எத்தனை வாட் வெப்பத்தை இந்த உடம்பால் நாள் முழுக்கத் தள்ள முடியும் என்பதைப் பார்த்துத்தான் லேப்டாப் செய்பவர் சிப்புக்கு வரம்பு வைக்கிறார். சொன்ன அந்த 8250யூ-வையே 10 வாட்டுக்கு இறக்கலாம், 25 வாட்டுக்கு ஏற்றலாம். ஒரே சிப், ஒரே பெயர், இரண்டு வெவ்வேறு உடம்பு, இரண்டு வெவ்வேறு வேகம்.

இன்டெல் சிப்களில் இந்த வரம்பு இரண்டு படியாக இருக்கும். குறுகிய நேரத்துக்கு ஓர் உயரமான வரம்பு, பிஎல்2. நீண்ட நேரத்துக்குத் தாழ்வான வரம்பு, பிஎல்1. வேலை தொடங்கியதும் சிப் பிஎல்2 வரை பாயும். பல லேப்டாப்களில் அந்தப் பாய்ச்சலுக்கு 28 வினாடி கணக்கு. அது தீர்ந்ததும் பிஎல்1-க்கு இறங்கி அங்கேயே நிற்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் கிகாஹெர்ட்ஸ் அந்த முதல் பாய்ச்சலில் தென்படுவது. உங்கள் வேலை நடப்பது அதற்குப் பிறகு.

கிராபிக்ஸில் இது இன்னும் கொடுமை. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 3080-யும் டெஸ்க்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 3080-யும் ஒரே சிப் அல்ல. கூடா (CUDA) கோர்கள் எனும் கணக்கு அலகுகள் டெஸ்க்டாப்பில் 8704, லேப்டாப்பில் 6144. அந்த லேப்டாப் 3080-ஐயும் 80 வாட்டிலிருந்து 150 வாட் வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். 80 வாட்டில் கட்டிப்போட்ட ஒரு 3070-க்கு, 115 வாட் கொடுத்த 3060 கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். விலையில் வித்தியாசம் இருக்கும், திரையில் இருக்காது. கிராபிக்ஸ் பெயருக்குப் பக்கத்தில் டிஜிபி (கிராபிக்ஸுக்கு ஒதுக்கிய மின் வரம்பு) என்று எத்தனை வாட் போட்டிருக்கிறது என்று பாருங்கள். போடவே இல்லையென்றால், அதைக் கண்டுபிடிக்கும்வரை வாங்காதீர்கள்.

இதைக் கேட்டுவிட்டுத் தம்பி நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தான். "அப்போ பழைய தடி லேப்டாப்தான் நல்லதா அண்ணா?" அதுவும் தப்பு. என் 4700எம்க்யூவில், எச்இவிசி என்ற முறையில் சுருக்கிய 10-பிட் வீடியோவை விரிக்கத் தனி வன்பொருள் கிடையாது. உயர்ந்த தெளிவில் ஒரு படம் ஓடவிட்டாலே நான்கு கோரும் மூச்சு வாங்கும், விசிறி அலறும். 7500யூ அதே படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டும். ஏழாம் தலைமுறையில்தான் அந்த வன்பொருள் முழுமையாக வந்தது. அதைவிடப் புதிய சுருக்க முறையான ஏவி1 வேண்டுமென்றால் பதினோராம் தலைமுறை வரை போக வேண்டும். உங்கள் வேலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் புதிதா பழையதா என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஒரு தடவை ஓட்டிய மதிப்பெண்ணை நம்புவது

மேலே சொன்ன 28 வினாடி விவகாரம்தான் இங்கேயும். சினிபெஞ்ச் ஆர்15 மாதிரியான பழைய சோதனையை வேகமான சிப் பத்துப் பதினைந்து வினாடியில் முடித்துவிடும். அந்த மதிப்பெண் முழுக்க முழுக்கப் பாய்ச்சலின் மதிப்பெண். அதன் பிந்தைய பதிப்பான ஆர்23-இல் 10 நிமிடம் திரும்பத் திரும்ப ஓட்டும் வழி இருக்கிறது. அதில் வரும் எண்ணைக் கேளுங்கள். நானாக இருந்தால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் சிப் எத்தனை வாட்டில் நிலைத்தது என்று பார்ப்பேன்.

வெப்பநிலையை மட்டும் பார்ப்பது

"இது 95 டிகிரி போகுது, அது 75-லேயே நிக்குது. அதோட கூலிங்தான் பிரமாதம்." இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன்! 75-இல் நிற்பதற்கு 20 வாட்டிலேயே அதைக் கட்டிப்போட்டிருப்பது காரணமாக இருக்கலாம். 95 காட்டுவது 60 வாட்டை இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் பின்னதன் கூலிங்தான் உயர்த்தி. டிகிரியை வாட்டோடும் கிகாஹெர்ட்ஸோடும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம். பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 95 என்று பார்த்ததும் பதறி விற்றுவிடத் தேவையில்லை. சோதனை நடந்த அறையின் வெப்பமும் முக்கியம். அறை ஐந்து டிகிரி சூடானால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும்.

தூசி அடைத்த பழையதை வைத்துப் புதியதை அளப்பது

ஐந்து வருடம் திறக்காத லேப்டாப்பையும் நேற்றுப் பெட்டி பிரித்ததையும் பக்கத்தில் வைத்து "தலைமுறை வித்தியாசம் பாருங்க" என்றால் எப்படி? விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரிப் படிந்து நிற்கும். வெளியிலிருந்து ஊதினால் அது அசையாது, விசிறியைக் கழற்றினால்தான் கண்ணில் படும். அதை எடுத்துவிட்டு, சிப்பிலிருந்து வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைப் புதிதாக வைத்தால் பல லேப்டாப்களில் 10 டிகிரிக்கு மேல் இறங்கும். என் தடியன் அப்படித்தான் மறுபிறவி எடுத்தான். முதலில் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். பாதிப் பேருக்குப் புதியது தேவைப்படாது.

டெஸ்க்டாப் பாடத்தை லேப்டாப்பில் போடுவது

டெஸ்க்டாப் சிப்பின் மேல் ஓர் உலோக மூடி இருக்கும். நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தால் போதும், அழுத்தத்தில் பரவிவிடும். லேப்டாப்பில் மூடி கிடையாது. சிலிக்கான் சில்லே வெளியில் தெரியும், அதன் மூலைமுடுக்கெல்லாம் பேஸ்ட் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மெல்லிய படலமாகத் தடவி முழுக்க மூடிவிடுவதுதான் நல்லது. டெஸ்க்டாப்பில் பேர் வாங்கிய இளகலான பேஸ்ட் லேப்டாப்பில் சில மாதத்தில் தோற்றுப்போவதும் உண்டு. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, சில்லுக்கு வெளியே பிதுங்கிவிடும். கெட்டியான பேஸ்ட் எடுங்கள், இல்லையென்றால் பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகிப் பரவும் தாளை வையுங்கள். ஏறக்குறைய 45 டிகிரியில் இளகும், எளிதில் பிதுங்காது.

திரவ உலோகம்

பேஸ்டுக்குப் பதிலாகச் சிலர் வைக்கும் இதை, முதல் தடவை திறக்கிறவர் தொடவே கூடாது. அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்து நொறுக்கிவிடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி பக்கத்துக் கெப்பாசிட்டர் மேல் உருண்டால் போர்டே போய்விடும்.

எல்லா தெர்மல் பேடும் ஒன்று என்று நினைப்பது

தெர்மல் பேட் என்பது சில்லுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்த வைக்கும் மெத்தென்ற பட்டை. 0.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தேன், தடிமன் கூடினால் நல்லதுதானே என்று. மெமரி மேல் உட்கார்ந்த பேட் ஹீட் சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. கிராபிக்ஸ் சில்லுக்கும் செம்புக்கும் சரியாகத் தொடர்பே இல்லை. இருந்ததைவிட மோசமாகச் சூடேறியது. பழைய பேடைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், அழுந்தாத ஓரத்தில் அளந்துகொள்ளுங்கள்.

விசிறியைப் பிடிக்காமல் காற்றடிப்பது

இலையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் உள்ளே கை வைப்பது

வைக்காதீர்கள்.

திருகுகளை ஒரே கிண்ணத்தில் போடுவது

நீளமான திருகு குட்டைத் திருகின் இடத்தில் ஏறினால் போர்டுக்குள்ளேயே இறங்கிவிடும்.

ரேமில் மொத்த ஜிபியை மட்டும் பார்ப்பது

தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில், சிப்போடு சேர்ந்த கிராபிக்ஸ் ரேமைத்தான் தன் மெமரியாக எடுத்துக்கொள்கிறது. ஒரே குச்சி என்றால் பாதை பாதியாகிவிடும். பதினோராம் தலைமுறையில் ஐரிஸ் எக்ஸ்இ என்று விளம்பரப்படுத்திய அதே கிராபிக்ஸ், ஒற்றைச் சேனல் ரேமில் வெறும் யூஎச்டி என்றே பெயர் காட்டும். பழையதுக்கு ரேம் வாங்குகிறீர்கள் என்றால் டிடிஆர்3-யும் டிடிஆர்3எல்-உம் வேறு என்பதை மறக்காதீர்கள். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் பொதுவாக எல் போட்டதுதான் வேலை செய்யும். போர்டிலேயே பற்றவைத்த ரேம் என்றால் வாங்கும் நாளில் இருப்பதுதான் கடைசிவரை.

பழைய வழிகாட்டியை நம்பி அண்டர்வோல்ட் செய்யப் போவது

சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் வேகம் குறையாமல் சூடு குறையும். எனக்குப் பிடித்த வித்தை இதுதான். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. அதன் பிறகு பல லேப்டாப்களில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாக இந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கு முந்திய வழிகாட்டியைப் படித்துவிட்டு, இது முடியும் என்ற நம்பிக்கையில் சூடான லேப்டாப்பை வாங்காதீர்கள்.

ஓஎஸ் எதை ஏற்கும் என்று பார்க்காமல் பழையது வாங்குவது

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. ஏழாம் தலைமுறைக்குக் கொடுத்த விலக்கு மிகச் சில சிப்களுக்கு மட்டுமே, அந்தப் பட்டியலில் 7500யூ இல்லை. 8250யூ உள்ளே, நான் அவசரப்பட்டு வாங்கியது வெளியே. சில மாதம் பொறுத்திருந்தால் நான் இந்தப் பக்கம் நின்றிருப்பேன்.

அந்த மெல்லிய லேப்டாப் இப்போது தங்கையிடம் இருக்கிறது. வாங்கிய இரண்டாம் மாதமே அவளிடம் விஷயத்தைச் சொல்லி மாற்றிக்கொண்டேன். கட்டுரை எழுதவும் படம் பார்க்கவும் அவளுக்கு அது பொருத்தமாகவே இருந்தது, இருக்கிறது. தடியனில் லினக்ஸ் ஓடுகிறது. தம்பி நேற்று அட்டவணையைத் திருத்திக் கொண்டுவந்தான். பெயர் இருந்த வரிசையை அழித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து எத்தனை வாட் என்று ஒரு புது வரிசை போட்டிருந்தான். ஐ7-க்கு நேரே இருந்த கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது. எங்கு தேடியும் அந்த எண் கிடைக்கவில்லையாம்.