பகானில் அரக்குக் கிண்ணம் வாங்கும் முன் விளிம்பை அமுக்கிப் பாருங்கள்

மியான்மரின் பகானிலோ பக்கத்து மியின்கபா கிராமத்திலோ அரக்குக் கிண்ணம் வாங்கப் போனால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு விளிம்பை இரு விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். உயர்ரகம் என்றால் வளைந்துகொடுத்து, விட்டதும் பழையபடி வட்டமாகிவிடும். உள்ளே மெல்லிய மூங்கில் சிம்போடு குதிரைமுடி பின்னி, அதன்மேல் அரக்கு எனப்படும் மரப்பாலைப் பல தடவை பூசிக் காயவைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் நடக்கும் வேலை, விலை கூடுதலாக இருப்பது நியாயம்தான். ஆனால் குதிரைமுடி என்று சொல்லி விலை ஏற்றிய கிண்ணம் விறைப்பாக நின்றால் அந்த விலை கொடுக்காதீர்கள்.

மரப்பெட்டி, தடித்த மூங்கில் தட்டு எல்லாம் இயல்பிலேயே விறைப்பு, அங்கே இது செல்லாது. அவற்றில் பூச்சின்மேல் செதுக்கிய அலங்காரக் கோடு கூர்மையாக இருக்கிறதா, நிறம் வெளியே வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழங்காலப் பொருளை மட்டும் அமுக்கவே வேண்டாம், பூச்சு வெடித்துவிடும்.