ஒரே மருந்து, இரண்டு பெயர்

வலி 3 மாதத்தைத் தாண்டினால் நாள்பட்ட வலி என்பார்கள். என் இடுப்பு வலிக்கு ஒரு வயதே முடிந்திருந்தது. ஆளுக்கொரு மாத்திரை சொன்னார்கள், குழப்பம்தான் மிச்சம்.

ஒருநாள் சளி மாத்திரை அட்டையையும் வலி மாத்திரை அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். இரண்டிலும் பாராசிட்டமால், 500 மில்லிகிராம்! பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். மீறினால் கல்லீரலுக்கு ஆபத்து. அன்றிலிருந்து பிராண்டு பெயரை விட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத்தான் தேடுகிறேன். எதையாவது விற்கப் பார்க்கும் தகவல் என்றால் உடனே மூடிவிடுவேன்.

அப்புறம், பெட்டிக்குள் மடித்திருக்கும் தாள். தூக்கிப்போடுவோமே, அதுதான். எனக்குப் பழைய வயிற்றுப்புண் உண்டு. இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையின் தாளில் அதுவே எச்சரிக்கையாக இருந்தது. இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன்!

டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதியபோது, தேடினால் மனச்சோர்வு மருந்து என்று வந்தது. பகீரென்றது. மருந்தாளுநரிடம் கேட்டேன். குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் தருவார்கள் என்று விளக்கினார்.

இப்போது டாக்டரிடம் போனால், சளி மாத்திரை உட்பட எல்லாம் எழுதிய துண்டுச்சீட்டு கையில் இருக்கும். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இரவில் தூங்குகிறேன்.