பிர்ரியா டாக்கோ: மிதக்கிற அந்தக் கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள்

சின்ன டக்கரியா (டாக்கோ கடை) ஒன்றில் பிர்ரியா, அதாவது மிளகாய் விழுதில் மெதுவாக வேகவைத்த கறி, கேட்டால் தட்டில் மூன்று டாக்கோ (கறி வைத்து மடித்த மெல்லிய ரொட்டி) வரும், பக்கத்திலேயே ஒரு கோப்பை கறிச்சாறு. சாற்றுக்குப் பெயர் கொன்சொமே. டாக்கோவை அதில் முக்கி முக்கிச் சாப்பிட வேண்டும். முழங்கை வரை வழியும், பரவாயில்லை.

பிர்ரியாவின் சொந்த ஊர் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலம். அங்கே வெள்ளாட்டுக்கறிதான். அமெரிக்க எல்லையை ஒட்டிய டிஹுவானாவில் மாட்டுக்கறியில் செய்வது பழக்கமானது. சீஸ் வைத்து, கல்லில் மொறுமொறுவென்று சுட்டெடுக்கும் கேசாபிர்ரியாவும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். நாம் செய்யப்போவது அது. கறி எதுவானாலும் முறை ஒன்றே.

முதலில் மிளகாய். காய்ந்த குவாஹியோ 6, ஆன்ச்சோ 3. குவாஹியோ நிறத்துக்கு, காரம் அதிகமில்லை. ஆன்ச்சோ என்பது பொப்லானோ மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தது, உலர்திராட்சை போல லேசான இனிப்பு இருக்கும். காரம் வேண்டுமென்றால் ஆர்பொல் மிளகாய் 2 சேர்த்துக்கொள்ளுங்கள். காம்பையும் விதையையும் எடுத்துவிட்டு, வெறும் கல்லில் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நொடி வாட்டினால் போதும். வாசனை கிளம்பியதும் எடுத்துவிட வேண்டும். முதல் தடவை செய்தபோது போன் அடித்தது, பேசிக்கொண்டே கருகவிட்டேன். போனால் போகிறது என்று அதையே அரைத்து ஊற்றியதில் ஒரு பானைக் கறியும் கசந்துபோனது. கருகினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மிளகாய் எடுங்கள்.

வாட்டியதை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். அப்புறம் 3 தக்காளி, அரை வெங்காயம், 5 பல் பூண்டு, 6 மிளகு, 3 கிராம்பு, சின்னத் துண்டு பட்டை, சீரகமும் ஓரிகானோவும் ஒவ்வொரு டீஸ்பூன், வினிகர் 3 டேபிள்ஸ்பூன் சேர்த்து நைசாக அரையுங்கள். குவாஹியோவின் தோல் எவ்வளவு அரைத்தாலும் முழுசாக மசியாது. சாறு நாக்கில் நறநறக்காமல் இருக்க வேண்டுமானால் வடிகட்டித்தான் ஆக வேண்டும்.

கறி ஒன்றரைக் கிலோ, எலும்போடும் கொழுப்போடும். கடைக்காரர் கொழுப்பை நறுக்கித் தள்ளப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கால்கறி மாதிரி முரட்டுத் துண்டுகள்தான் இதற்குச் சரி. மெதுவாக வேகும்போது அவற்றின் சவ்வு கரைந்து சாற்றுக்குப் பிசுபிசுப்பைக் கொடுக்கும். உப்பு, அரைத்த விழுது, 2 பிரிஞ்சி இலை, ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்து, மூடி, சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். அவசரமென்றால் பிரஷர் குக்கரில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து ஐம்பது நிமிடம். முள்கரண்டியால் தொட்டதும் நார் நாராகப் பிரிந்தால் வெந்துவிட்டது.

அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் அப்படியே விட்டால் மேலே செக்கச்செவேலென்று கொழுப்பு மிதக்கும். உடம்புக்கு ஆகாது என்று வழித்துக் கொட்டத் தோன்றும். கொட்டிவிட்டால் கையில் இருப்பது வெறும் கறிக்குழம்புதான். மிளகாயின் நிறமும் மணமும் இறங்கியிருப்பது அதில். கரண்டியால் வழித்துத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். கறியை வெளியே எடுத்துப் பிய்த்துவிட்டு, சாற்றில் உப்புப் பாருங்கள்.

இனி தோசைக்கல். மக்காச்சோள டோர்ட்டியாவை (டாக்கோவுக்கான மெல்லிய ரொட்டி) முதலில் லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மடிக்கும்போது உடையும். கோதுமையில் செய்தது வேண்டாம், சோளத்தின் மணம் அதில் வராது. இரண்டு பக்கமும் கொழுப்பில் ஒரு முக்கு முக்கி, நன்றாகக் காய்ந்த கல்லில் போடுங்கள். சுர்ரென்று சத்தம் வரும், ஓரத்தில் சிவப்பு நுரை கொப்பளிக்கும். பாதியில் துருவிய வஹாக்கா சீஸ் (மொஸரெல்லாவும் சரிதான்), அதன் மேல் கறி. சீஸ் இளகியதும் மறுபாதியை மடித்துக் கரண்டியால் அழுத்துங்கள். வெளியே வழிகிற சீஸைச் சுரண்டி எடுக்காதீர்கள், கல்லில் பட்டு அது தகடு மாதிரி முறுகட்டும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம்.

பொடியாக நறுக்கிய வெங்காயம், மல்லித்தழை, எலுமிச்சை. கோப்பையில் சூடான சாறு. முதல் டாக்கோ கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்யும், முதல் தோசை மாதிரி. அதை யாருக்கும் காட்டாமல் அடுப்படியிலேயே நின்று தின்றுவிடுங்கள்.