குளூட்டன் இல்லாத மாம்பழ பை: மாவு உடையாமல் இருக்க இசப்கோல் போதும்

குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) இல்லாமல் பழ பை (pie) செய்பவர்கள், மாவை ஒட்டவைக்கச் சேர்க்கும் சாந்தன் கம் என்ற பொடியைத் தேடி அலைய வேண்டாம், மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண இசப்கோல் உமியே போதும். 140 கிராம் அரிசி மாவு, 60 கிராம் கார்ன்ஃப்ளார் (வெள்ளையாக இருக்கும் ஸ்டார்ச், சோள மாவு அல்ல), 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய் என்ற அளவுக்கு 2 டீஸ்பூன் உமியை மிக்ஸியில் பொடித்துக் கலந்து, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, அப்புறம் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மைதாவில் குளூட்டன் செய்யும் வேலை மாவை இழுத்துப் பிடிப்பதுதான். உமி தண்ணீரை உறிஞ்சிப் பசைபோல ஆகி அந்த வேலையை ஓரளவு செய்துவிடுகிறது, ஆனால் உறிஞ்ச நேரம் வேண்டும் என்பதால் அந்த அரை மணி நேரத்தை மட்டும் தயவுசெய்து குறைக்காதீர்கள். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் அப்படியே தட்டில் கவிழ்த்துவிடலாம், விரிசல் விட்ட இடத்தை விரலால் அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும்.

ஆரஞ்சு சுவை சேர்த்த, சர்க்கரை கலந்த இசப்கோல் இதற்கு ஆகாது. உமியைக் கூட்டினால் மொறுமொறுப்பு போய்ப் பிசுபிசுப்பாகிவிடும். மாவைத் தேய்க்காமல் மேலே உதிர்த்துத் தூவும் கிரம்பிள் வகைக்கு உமியே தேவையில்லை. வீட்டில் சீலியாக் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் நோய்) நோயாளி இருந்தால், கோதுமை அரைக்கும் மில்லில் அரைத்த அரிசி மாவு வேண்டாம், குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்குங்கள்.